வீடற்றோருக்கான நன்கொடைச் செயலி: காப்பகத்திலிருந்து தொடங்கி வடிவமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நன்கொடைச் செயலி செய்யலாம் என்று உட்காரும் குழுக்கள் முதல் நாளே வரைவது பெரும்பாலும் ஒரே திரையைத்தான். மேலே நடைபாதையில் சுருண்டு படுத்திருக்கும் முதியவரின் படம், நடுவே நாலு வரிக் கதை, கீழே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான். கொடுப்பவருக்கு அது வசதிதான். ஆனால் அந்த முதியவருக்கு இன்று ராத்திரி என்ன வேண்டும் என்பது அந்தத் திரைக்குத் தெரியாது. தெரிந்தவர் காப்பகத்தில் இருக்கும் காப்பாளர். அதனால் இங்கே வேலையை மறுமுனையிலிருந்து தொடங்குவோம்: முதலில் காப்பாளரின் திரை, பிறகுதான் கொடுப்பவரின் திரை. எடுத்துக்காட்டுக்குச் சென்னையை வைத்துக்கொள்கிறேன்.

1. யாருக்கு என்று முடிவு செய்யுங்கள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் 17.73 லட்சம் பேரை வீடற்றவர்கள் என்று கணக்கிட்டது. அதில் சுமார் 9.38 லட்சம் பேர் நகரங்களில் இருந்தார்கள். ஒரே தலைப்பில் அடைத்துவிட்டாலும் இவர்களின் தேவை ஒன்று இல்லை. வால்டாக்ஸ் சாலையோரம் தலைமுறை தலைமுறையாக நடைபாதையிலேயே குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பாரிமுனையில் பகலெல்லாம் மூட்டை தூக்கிவிட்டு இரவில் கடை வாசலில் படுப்பவர் வேறு ரகம். அரசுப் பொது மருத்துவமனையில் நோயாளியை உள்ளே சேர்த்துவிட்டு வெளியே நாள்கணக்கில் காத்துக்கிடக்கும் வெளியூர் உறவினர் வேறு. பிள்ளைகள் கைவிட்ட முதியவர் வேறு, மனநோயோடு ஊர் பேர் சொல்லத் தெரியாமல் வந்து சேர்ந்தவர் வேறு. முதல் குடும்பத்துக்கு மழைக்குமுன் தார்ப்பாய் வேண்டும். மருத்துவமனை வாசலில் இருப்பவருக்குக் குளிக்கவும் தலைசாய்க்கவும் இடம் வேண்டும். கடைசியில் சொன்னவருக்குச் சிகிச்சை வேண்டும். அதைச் செயலியால் தர முடியாது, சரியான கையில் சேர்க்க மட்டுமே முடியும்.

முதல் பதிப்பில் எல்லாரையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒரு நகரம், நாலைந்து காப்பகங்கள் போதும். பெருநகரங்களில் லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகமாவது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் உத்தரவிட்ட பிறகுதான் இவை பரவலாக வந்தன. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம் என்று வரையறுத்தது. சென்னையில் மாநகராட்சியின் காப்பகங்களை அரசு சாரா அமைப்புகள் நடத்துகின்றன. ஆண்கள், பெண்கள், குழந்தைகள், மருத்துவமனைக்கு வந்தவர்களின் துணையாட்கள் என்று தனித்தனியாக உண்டு. உங்கள் செயலியின் முதல் கூட்டாளிகள் இவர்கள்தாம்.

அமைப்பைச் சேர்க்கும்முன் பார்க்க வேண்டியவை: அறக்கட்டளை அல்லது சங்கப் பதிவு, வருமான வரித் துறையின் 12ஏ (அமைப்புக்கு வரி விலக்கு), 80ஜி (கொடுப்பவருக்கு வரிச் சலுகை) பதிவுகள், தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக் தளமான தர்பனின் எண், பதிவுப் பெயரிலேயே இருக்கும் வங்கிக் கணக்கு, மாநகராட்சிக் காப்பகம் என்றால் அதற்கான ஒப்பந்தம். காகிதம் எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு மாலை ஏழு மணிக்குச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். கழிவறையைப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும்.

2. பணம் யார் கைக்கு?

வீதியில் இருப்பவர் கைக்கே நேராகப் பணம் போகட்டும் என்பது கேட்க நன்றாக இருக்கும். மேலைநாடுகளில் முயன்றிருக்கிறார்கள். சியாட்டிலில் சமாரிட்டன் என்ற செயலி, வீடற்றவர் கையில் ஒரு சிறிய புளூடூத் வில்லையைக் கொடுத்தது. அருகே நடந்துபோகிறவரின் போனில் அவர் கதை தோன்றும், அங்கேயே பணம் கொடுக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டில் கிரேட்டர் சேஞ்ச் என்ற அமைப்பு கழுத்தில் தொங்கும் கியூஆர் அட்டையைக் கொடுத்தது. வரும் பணம், அவருக்கென இருக்கும் ஆலோசகரின் மேற்பார்வையில் வாடகை முன்பணம் போன்ற ஓர் இலக்குக்காகச் சேரும். இரண்டாவதில் பணம் போகும் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. மனிதரின் கழுத்தில் பார்கோடு மாட்டுவதா என்று எழுந்த கண்டனமும் நியாயமானதுதான்.

இங்கே தனிநபர் வழி இன்னும் கடினம். போன் தொலையும், திருடு போகும், சிம் காலாவதியாகும். ஆதாரில் இணைத்த எண் எப்போதோ மாறியிருக்கும். அதனால் முதல் பதிப்பில் பணம் அறக்கட்டளையின் கணக்குக்கு நேராகப் போகட்டும். இதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு: பணத்தை உங்கள் நிறுவனக் கணக்கில் வாங்கிப் பிறகு பிரித்துக் கொடுக்காதீர்கள். அடுத்தவருக்காகப் பணம் வாங்கி ஒப்படைக்கும் தொழிலுக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும். உரிமம் பெற்ற பேமென்ட் கேட்வே (இணையத்தில் பணம் வாங்கிச் சேர்க்கும் நிறுவனம்) ஒன்றில் ஒவ்வோர் அறக்கட்டளையையும் தனி வணிகராகப் பதிவு செய்துவிட்டால் பணம் உங்கள் கையைத் தொடாமலே போய்ச் சேரும்.

3. காப்பாளரின் திரை

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஆனால் பெரும்பாலான குழுக்கள் இதை 'அட்மின் பேனல்' என்று பெயரிட்டு, லேப்டாப்பில் மட்டும் திறக்கும் ஓர் அட்டவணையாகச் செய்து முடித்துவிடுகின்றன. காப்பாளரின் கையில் இருப்பது திரையில் கீறல் விழுந்த ஒரு ஆண்ட்ராய்டு போன். அவர் நாள் முழுக்கப் பயன்படுத்துவது வாட்ஸ்அப். மாலையில் ஆள் வரும் நேரத்தில் பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும், குடித்துவிட்டு வந்தவரைச் சமாளிக்க வேண்டும், காய்ச்சல்காரருக்கு மாத்திரை தேட வேண்டும். அந்த நெருக்கடியில் அவர் உங்கள் படிவத்தை நிரப்பப்போவதில்லை.

அவருக்கு நான்கு பெரிய பொத்தான்கள் போதும்: 'வேணும்', 'வந்துருச்சு', 'போதும்', 'இன்னிக்கு எத்தனை பேர்'. பேசினால் எழுத்தாகும் மைக் ஒன்று. 'வேணும்' என்பதைத் தொட்டதும் அவர் போன மாதம் கேட்ட பொருள்கள் முதலில் வரட்டும். இணையம் இல்லாதபோது அழுத்தினாலும் போனிலேயே சேமித்து, சிக்னல் வந்ததும் தானே அனுப்ப வேண்டும்.

பதிந்து முடித்த பட்டியல் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி:

பாய்: 15 வேண்டும், 6 வந்தது
லுங்கி: 20 வேண்டும், 20 வந்தது, முடிந்தது
முதியோர் டயப்பர், பெரிய அளவு: 4 பாக்கெட், இன்னும் வரவில்லை
ஆண்கள் செருப்பு, 8ஆம் எண்: 5 ஜோடி, 2 வந்தது
கொசுவலை: இப்போது வேண்டாம்

இதில் கடைசி வரியை நீக்கிவிடாதீர்கள். எது வேண்டாம் என்று சொல்லும் வசதிதான் காப்பாளருக்குப் பெரிய நிம்மதி. தீபாவளிக்கு வந்த போர்வை மூட்டையை வைக்க இடமில்லாமல் படிக்கட்டில் அடுக்கியிருக்கும் காப்பகத்துக்கு இன்னொரு போர்வை மூட்டை உபத்திரவம். பழைய துணியும் அப்படித்தான். கிழியாதது, துவைத்தது மட்டும். உள்ளாடை புதிதாக இருந்தால் மட்டும் என்பதைக் கொடுப்பவர் படித்து ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த திரை திறக்கட்டும். இதைக் கறாராகச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஒவ்வொரு தேவையும் 7 நாளில் தானாகக் காலாவதியாகட்டும். காப்பாளர் ஒரு தட்டில் புதுப்பிக்கலாம். காலாவதி இல்லாத பட்டியலில் போன ஆண்டு மழைக்குக் கேட்ட தார்ப்பாய் கோடையிலும் தொங்கிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்தவர் அடுத்த முறை எதையும் நம்ப மாட்டார்.

விலையைக் காப்பாளரே, பக்கத்துக் கடை விலையைப் பார்த்துப் போடட்டும். பணமாகக் கொடுத்தால் அவர் மொத்த விலையில் வாங்கிக்கொள்வார் என்பதையும் அதே அட்டையில் சொல்லுங்கள். பெரும்பாலான நேரம் பணமே நல்லது.

4. சாப்பாட்டு நாட்காட்டி

நம் ஊரில் அன்னதானத்துக்கு ஆள் குறைவில்லை. பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவின் திதி, தலைவர் பிறந்தநாள், ஆடி வெள்ளி, அமாவாசை என்று ஏதாவது ஒன்றின் பேரில் சாப்பாடு வந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் ஒரே நாளில் வருகிறது. மதியம் ஒருவர் பிரிஞ்சி கொண்டுவந்திருப்பார், இன்னொருவர் சாம்பார் சாதம், மூன்றாமவர் பிரியாணிப் பொட்டலம். மறுநாள் செவ்வாய்க்கிழமை ஒருவரும் வர மாட்டார்.

இதற்குத் தீர்வு ஒரு மாத நாட்காட்டி. ஒவ்வொரு நாளிலும் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டங்கள். ஏற்கெனவே யாராவது பிடித்துவிட்ட கட்டம் சாம்பல் நிறம், காலியானது பச்சை. காலியான கட்டத்தைத் தொட்டதும் 'அன்று இரவு சுமார் 45 பேர்' என்று எண்ணிக்கை காட்டட்டும். அது காப்பாளர் தினமும் போடும் கணக்கின் சராசரி. தன் அம்மாவின் நினைவு நாள் நிரம்பிவிட்டது என்று கண்டவருக்கு மூன்று வழி காட்டுங்கள்: அதே நாளில் வேறு காப்பகம், அதே காப்பகத்தில் வேறு நாள், அல்லது அதே நாளில் சாப்பாட்டுக்குப் பதில் மளிகை. திதி கொடுப்பவர் நாளை மாற்ற மாட்டார். அதனால் அவருக்கு முதல் வழியை மேலே வையுங்கள். பிறந்தநாள்காரர் சற்று வளைந்து கொடுப்பார்.

சமைத்த உணவு கொண்டுவருபவரிடம் கட்டாயமாகக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எத்தனை மணிக்குச் சமைத்து இறக்கினீர்கள்? சமைத்ததை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான அறிவுரை. கல்யாண மண்டபத்தில் மதியம் மிஞ்சிய சாதத்தை இரவு எட்டு மணிக்கு எடுத்துவருபவரை நயமாகத் திருப்பி அனுப்ப இந்த ஒரு கேள்வி உதவும். மிஞ்சிய உணவை மீட்டு வழங்குவதற்கென 2019இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிமுறைகளும் வந்திருக்கின்றன. இந்தப் பகுதியைத் திறந்துவிடும்முன் அவற்றைப் படித்துவிடுங்கள்.

5. கொடுப்பவரின் திரைகள்

இப்போதுதான் கொடுப்பவர் பக்கம் வருகிறோம். திரைகள் மூன்று: என்ன வேண்டும், எவ்வளவு, அனுப்பியாகிவிட்டது. பதிவு, ஓடிபி, சுயவிவரம் எல்லாம் பணம் கொடுத்த பிறகு வரட்டும். முதலிலேயே கணக்குத் தொடங்கச் சொன்னால் கூகுள் பேயில் பழகிய கை அங்கேயே நின்றுவிடும்.

பொத்தானில் 'தொடர்க' என்று எழுதுவதைவிட 'ரூ.300 அனுப்பு' என்று எழுதுங்கள். தொகைகளைப் பொருளோடு காட்டுங்கள்: ஒரு பாய், ஒரு பாக்கெட் டயப்பர், இரவுச் சாப்பாட்டில் பத்துப் பேர். 'வேறு தொகை' என்ற கட்டமும் இருக்கட்டும், ரூ.20 கொடுப்பவரைக் குறைந்தபட்சத் தொகை போட்டு விரட்டாதீர்கள்.

கட்டணம் என்றால் இங்கே யூபிஐதான். 2020 முதல் யூபிஐக்கு பணம் பெறும் வணிகரிடம் பிடிக்கும் எம்டிஆர் கட்டணம் கிடையாது என்பதால் சிறு தொகைகளுக்கு இதுவே கட்டுப்படியாகும். போனில் இருக்கும் யூபிஐ செயலியை நேராகத் திறக்கும் இன்டென்ட் இணைப்பு போனில் பார்ப்பவருக்கு. கணினியில் பார்ப்பவருக்கும் காப்பகச் சுவரில் ஒட்டவும் கியூஆர். மாதாமாதம் கொடுக்க விரும்புபவருக்கு ஆட்டோபே. அதை நிறுத்தும் பொத்தான், தொடங்கும் பொத்தான் அளவுக்கே கண்ணில் படட்டும்.

ஸ்கேன் செய்ததும் யூபிஐ செயலியில் வருவது வங்கியில் உள்ள பெயர். காப்பகத்தை எல்லாரும் ஒரு பெயரில் அழைப்பார்கள், அறக்கட்டளையின் பதிவுப் பெயர் வேறாக இருக்கும். அந்தப் பெயரைப் பார்த்ததும் 'இது யார்?' என்று தயங்கிப் பின்வாங்குவார்கள். முந்தைய திரையிலேயே 'அடுத்து இந்தப் பெயர் வரும், அது இவர்களுடைய அறக்கட்டளை' என்று ஒரு வரி எழுதிவிட்டால் தயக்கம் தீரும்.

இன்னொரு இடம், பணம் போனதா இல்லையா என்று தெரியாத அந்த ஒன்றிரண்டு நிமிடம். யூபிஐ செயலியிலிருந்து திரும்பி வரும் பதிலை மட்டும் நம்பி 'நன்றி' திரையைக் காட்டாதீர்கள். கேட்வேயின் சர்வர் உறுதி சொன்ன பிறகே காட்டுங்கள். அதுவரை திரையில் இருக்க வேண்டியது: 'வங்கியிலிருந்து பதில் வரவில்லை. மறுபடி அனுப்ப வேண்டாம். பணம் போயிருந்தால் ரசீது வாட்ஸ்அப்பில் வரும். போகாவிட்டால் வங்கி திருப்பிவிடும்.' கூடவே 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை ஒட்டிக் கேட்க ஒரு கட்டம். ஒரே ஆள் இரண்டு முறை அனுப்பிவிட்டுத் திருப்பிக் கேட்கும் சங்கடம் இதில் பெருமளவு குறையும்.

6. ரசீது, வரி, வெளிநாட்டுப் பணம்

80ஜி சலுகை பழைய வருமான வரி முறையில் இருப்பவருக்கே கிடைக்கும். புதிய முறையைத் தேர்ந்தவருக்கு இல்லை. பொருளாகக் கொடுத்ததற்குக் கிடையாது, ரூ.2,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததற்கும் கிடையாது. ஆகவே பான் எண்ணை எல்லாரிடமும் கேட்காமல், 'வரிச் சலுகை ரசீது வேண்டும்' என்று டிக் செய்பவரிடம் மட்டும் கேளுங்கள். பெயரையும் முகவரியையும் மட்டும் அனைவரிடமும் வாங்கிவிடுவது நல்லது. யார் கொடுத்தது என்ற பதிவே இல்லாத நன்கொடை ஒரு வரம்பைத் தாண்டினால் அறக்கட்டளை அதற்கு 30 சதவீதம் வரி கட்ட நேரும். பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்பவருக்கு, பெயரைத் திரையில் மறைக்கலாம், பதிவேட்டில் மறைக்கக் கூடாது.

2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களும் படிவங்களும் மாறுகின்றன. ரசீதின் வாசகத்தைச் செயலியின் நிரலுக்குள் பதித்துவிடாமல், கணக்காளரே திருத்தக்கூடிய வார்ப்புருவாக வையுங்கள்.

துபாயிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் அனுப்ப ஆசைப்படுவார்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் எங்கே வசித்தாலும் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறிவிட்டவர், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், கொடுப்பது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு வேண்டும். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புதுடெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். எனவே 'எந்த நாட்டில் இருக்கிறீர்கள்' என்று கேட்பதில் பயனில்லை. 'எந்த நாட்டுப் பாஸ்போர்ட்' என்று கேளுங்கள்.

7. முகம், பெயர், இடம்

முகப் படம் வேண்டாம். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க விருப்பமில்லை. படுக்கக் கூரை இல்லாதவரிடம் சாப்பாடு கொடுத்துவிட்டு 'போட்டோ எடுத்துக்கலாமா' என்று கேட்பது சம்மதம் வாங்குவது ஆகாது. 'முடியாது' என்று சொல்ல முடியாத இடத்தில் அவர் நிற்கிறார். காப்பகம், பாய் அடுக்கு, சமையல் பாத்திரம், வாங்கிய பொருளின் பில் ஆகியவற்றைப் படமாகப் போடுங்கள். குழந்தைகள் விஷயத்தில் சட்டமே தடுக்கிறது: பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. பெண்கள் காப்பகத்தின் கதவு எண்ணும் வரைபடப் புள்ளியும்கூட வெளியே தெரியக் கூடாது. சிலர் அடித்த கணவனுக்குத் தப்பி வந்திருப்பார்கள். அவர்களுக்கான பொருளை வேறொரு முகவரியில் வாங்கிக்கொள்ளுங்கள்.

'இங்கே ஒருவர் படுத்திருக்கிறார், பாருங்கள்' என்று பொதுமக்கள் தகவல் சொல்லும் வசதியைப் பலர் கேட்பார்கள். இங்கிலாந்தில் ஸ்ட்ரீட்லிங்க் என்ற சேவை இதைத்தான் செய்கிறது. கேட்பதில் நல்ல எண்ணம்தான், ஆனால் புள்ளி வைத்த வரைபடம் ஒன்று உருவாகிவிட்டால் அது யார் கைக்கும் போகும். பிச்சை எடுப்பதைக் குற்றமாகக் கருதும் 1945ஆம் ஆண்டுச் சட்டம் உள்ள மாநிலம் இது. விருந்தினர் வருகைக்காக நடைபாதையைச் 'சுத்தம்' செய்வது நாம் அறியாததும் இல்லை. செய்தே தீர வேண்டும் என்றால் தகவல் களப்பணியாளர் ஒருவருக்கு மட்டும் போகட்டும், படம் இல்லாமல், சில நாளில் தானாக அழியும்படி. அவசரத்துக்கு 108, குழந்தை என்றால் 1098, முதியவர் என்றால் 14567 ஆகிய எண்களை அந்தத் திரையின் தலையிலேயே வையுங்கள். தொட்டால் அழைப்பு போக வேண்டும்.

8. தமிழ் முகப்பு

ஆங்கிலத்தில் வரைந்துவிட்டுக் கடைசியில் தமிழை ஏற்றினால் பொத்தான்கள் பிதுங்கும். தமிழில் வரைந்து தொடங்குங்கள். மேலும் கீழும் நீளும் எழுத்துகளுக்கு வரி இடைவெளி கூடுதலாக வேண்டும். எழுத்தளவின் ஒன்றரை மடங்கிலிருந்து தொடங்கிப் பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான் (Catamaran) ஆகிய எழுத்துருக்கள் இலவசம். தொடும் இடம் ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகான டிபியில் 48க்குக் குறையக் கூடாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் வண்ண வேறுபாடு 4.5க்கு 1 என்ற விகிதமாவது இருக்கட்டும். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக்கை இயக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை நன்கொடை கொடுத்துப் பாருங்கள்.

9. வெளியிடுவது

ஆப்பிளின் விதிப்படி, அங்கீகாரம் பெற்ற தொண்டு அமைப்பாக இல்லாவிட்டால் செயலிக்குள்ளேயே நன்கொடை வாங்க முடியாது. செயலி இலவசமாக இருக்க வேண்டும், பணத்தைச் சஃபாரி போன்ற வெளி வழியில்தான் வாங்கலாம். உண்மையைச் சொன்னால், ஆண்டுக்கு மூன்று முறை திறக்கும் ஒன்றுக்காக யாரும் போனில் இடம் கொடுப்பதில்லை. கொடுப்பவருக்கு வாட்ஸ்அப்பில் பகிரக்கூடிய வேகமான வலைப்பக்கம் போதும். நிறுவும் செயலியைக் காப்பாளருக்கு மட்டும் செய்யுங்கள்.

10. சோதித்துப் பார்ப்பது

மூன்று விதமானவர்களிடம் சோதியுங்கள். ஆங்கிலம் அதிகம் வராத, அறுபது வயது தாண்டிய ஒரு நன்கொடையாளர். மாலை ஏழு மணிக்கு ஒரு காப்பாளர். அமைதியான காலை நேரத்தில் சோதித்தது கணக்கில் வராது. மூன்றாவது, காப்பகத்தில் தங்கியிருப்பவர்கள். அவர்களைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதை அவர்களுக்கே வாசித்துக்காட்டுங்கள். 'கதியற்ற', 'பாவப்பட்ட' போன்றவை அங்கேயே உதிர்ந்துவிடும். இந்த உதவிக்கு அவர்களுக்குக் கூலி கொடுங்கள்.

பதிவிறக்க எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம். பட்டியலில் போட்ட தேவைகளில் ஒரு வாரத்துக்குள் எத்தனை முடிந்தன, 'வேண்டாம்' என்று சொன்ன பிறகும் எத்தனை வந்து இறங்கின, நீங்கள் போன் போட்டு நினைவூட்டாமலே காப்பாளர் எத்தனை நாள் தானாகத் திறந்தார் என்ற மூன்றையும் வாராவாரம் எழுதி வையுங்கள். மூன்றாவது எண் விழுந்தால் புது வசதி எதையும் சேர்க்காமல் காப்பகத்துக்குப் போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

வெளியிடும் நாளிலேயே மூடும் திட்டத்தையும் எழுதிவிடுங்கள். தன்னார்வலர்கள் வேலை மாறிப்போவார்கள், சர்வர் பில் நிற்கும். அப்போது ஆட்டோபே அனுமதிகள் அனைத்தும் ரத்தாக வேண்டும், நன்கொடையாளர் பதிவேடு எக்செல் கோப்பாக அந்தந்த அறக்கட்டளையிடம் போக வேண்டும், சுவரில் ஒட்டிய கியூஆர் அறக்கட்டளையின் சொந்தக் கணக்கையே காட்டுவதாக இருந்தால் அதை யாரும் கிழிக்க வேண்டியிருக்காது.